முதல் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோய்த்தொற்று முற்றி உடலின் உறுப்புகளே செயலிழக்கும் 'செப்சிஸ்' நிலை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். நோயின் தன்மையை அது தெளிவாக விளக்கியது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசியது. அரசு மருத்துவமனை வார்டுகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், நோயாளி அந்தப் பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் கழிந்துவிடும் மணிகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஐப்பசியில், உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மதினிக்குக் காலில் கருவேல முள் தைத்தது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. பாதம் மரத்துப்போனவர் என்பதால் முள் தைத்ததே மறுநாள்தான் தெரிந்திருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். நான்காம் நாள் பிற்பகலில் குளிர் நடுக்கம் கண்டது, பேச்சும் குழம்பியது. என்றோ காலமாகிவிட்ட மாமியாருக்குக் கஞ்சி கொடுத்தாயிற்றா என்று கேட்டிருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து வீட்டில் சீனித் தண்ணீர் கொடுத்து, மாலை 4 மணிக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு டிரிப்ஸ் மாட்டி, நடுக்கத்துக்கு ஓர் ஊசி போட்டு, 'மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மதுரையில் உறவினர்கள் சேர்த்த மருத்துவமனைக்கு நான் போனபோது மணி 8. பணம் கட்டி, ஸ்கேன் எடுத்து, பகல் டூட்டி மாறி இரவு டூட்டிச் செவிலியர் பொறுப்பேற்று, முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியபோது 10.40. முதல் மருத்துவமனையின் வாசலை மிதித்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் 6 மணி 40 நிமிடம். இரண்டு மருத்துவமனைகளின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இது அந்த இரண்டு இடங்களில் மட்டும் நடப்பது அன்று.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டைப் பழக்கதோஷத்தில் எடுத்துப் பார்த்தேன். நாடித் துடிப்பு 128, ரத்த அழுத்தம் 84/50, காய்ச்சல் இல்லை. மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் மட்டும் நான்கு வரிசையிலும் ஒரே எழுத்தில் 20, 20, 20, 20 என்றிருந்தது. மதினியின் நெஞ்சின் மேல் கண்ணை வைத்து, கைக்கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 34. அந்தச் செவிலியர் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்வையில் அன்று எத்தனை கட்டில்கள் இருந்தன என்பது எனக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் நானும் எத்தனையோ இரவுகளில் எண்ணாமலே 20 என்று எழுதியவள்தான். நாடியையும் அழுத்தத்தையும் கருவி காட்டிவிடும். மூச்சை மட்டும் மனிதர்தான் நின்று எண்ண வேண்டும். அதனால் முதலில் கைவிடப்படுவது அதுதான். உடல் செப்சிஸுக்குள் நழுவும்போது முதலில் மாறுவனவற்றில் ஒன்றும் அதுவே.

காய்ச்சல் இல்லாதிருந்தது குடும்பத்தாரை மட்டுமல்ல, சிகிச்சை அளித்தவர்களையும் ஏமாற்றியிருக்கக்கூடும். முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். உடல் சில்லிட்டுக்கூட இருக்கலாம். 'ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது' என்று நம் பக்கத்தில் சொல்வதால், ரத்தத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்புபவர்களையும் பார்த்திருக்கிறேன். உண்மையில், தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடலே நிலைதடுமாறித் தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் மூளையையும் சிதைக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ் என்பது 2016-இல் வகுக்கப்பட்ட வரையறை. திடீர்க் குழப்பமும் வேகமான மூச்சும் குறைந்துபோன சிறுநீரும் காய்ச்சலைவிட அதிகம் கவனிக்கப்பட வேண்டியது இதனால்தான்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2006-இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும், செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்துவிடும் 'செப்சிஸ் அதிர்ச்சி' நிலைக்குப் போன 2,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்ததில், ரத்த அழுத்தம் சரிந்த பிறகு முதல் 6 மணி நேரத்தில், தக்க ஆன்டிபயாடிக் தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைப்பவர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்திருந்தது. 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும், அதிர்ச்சி நிலையில் உள்ளவர்களுக்கு 1 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும் என்கிறது. அழுத்தம் சரியாக இருந்து, செப்சிஸ்தானா என்ற ஐயம் மட்டும் இருந்தால், விரைவாகப் பரிசோதித்து, ஐயம் நீங்காவிட்டால் 3 மணி நேரத்துக்குள் மருந்து தரச் சொல்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமே என்று சிலர் தயங்கலாம். 2001-இல் டெட்ராய்ட்டில் வெற்றி கண்ட ஒரு சிகிச்சை முறையில் கழுத்து நரம்புக் குழாயும் சிறப்பு அளவீடுகளும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள், நோயை விரைவில் கண்டறிந்து மருந்தும் திரவமும் உடனே கொடுத்துவிட்டால் அந்தச் சிறப்பு முறையால் கூடுதல் உயிர்கள் பிழைப்பதில்லை என்று காட்டின. சிறிய ஊர் மருத்துவமனைகளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

தமிழ்நாடு அரசு இதை ஒத்த ஒன்றை ஏற்கெனவே செய்திருக்கிறது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று ஐயம் ஏற்பட்ட நோயாளிக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 முதல் தனித் திட்டம் இருக்கிறது. இவை போலவே, செப்சிஸ் அதிர்ச்சி என்று ஐயுறும் நோயாளியை அனுப்பும் மருத்துவமனை, வசதியிருந்தால் கிருமியைக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, இல்லாவிட்டால் அதற்காகக் காத்திராமல், முதல் ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதை மறுக்க ஓர் ஆய்வு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் ஆம்புலன்ஸிலேயே ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடவில்லை. 2018-இல் வந்த முடிவு அது. ஆனால் அங்கே அந்த ஊசியால் மிச்சமான நேரம் ஒன்றரை மணி அளவுதான். அதிர்ச்சி நிலையில் இருந்த நோயாளிகளும் மிகக் குறைவு. பேரையூரிலிருந்தோ எழுமலையிலிருந்தோ வண்டி பிடித்து, மதுரை நெரிசலைக் கடந்து, சீட்டுப் போட வரிசையில் நிற்பவர்களின் கணக்கு வேறு. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு (அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு) தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் வீரியமான ஊசியைப் போட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை அப்படித்தான் வளர்த்துவிட்டோம். மேலும், மழைக்காலத்தில் நம் பகுதியில் டெங்குவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் செப்சிஸ் போலவே தோற்றம் காட்டும். டெங்குவுக்கு ஆன்டிபயாடிக்கே பயனில்லை. ஸ்க்ரப் டைபஸுக்கோ, எல்லோரும் உடனே கையில் எடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி கேட்காது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். அந்தக் காய்ச்சலின் அடையாளமாக அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பின் கீழும் சிகரெட் சுட்டதுபோல் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். கூச்சத்தால் நோயாளியும் காட்டுவதில்லை, அவசரத்தில் நாமும் பார்ப்பதில்லை.

டிரிப்ஸ் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. அழுத்தம் சரிந்தவருக்கு முதல் 3 மணி நேரத்தில் எடையில் கிலோவுக்கு 30 மில்லி, அதாவது 50 கிலோ உள்ளவருக்கு 500 மில்லி பாட்டில் மூன்று, என்பது பொதுவான கணக்கு. ஆனால் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் காய்ச்சலோடு நிலைகுலைந்து வந்த குழந்தைகளிடையே நடந்து 2011-இல் வெளியான ஆய்விலும், சாம்பியாவில் பெரியவர்களிடையே நடந்து 2017-இல் வெளியான ஆய்விலும், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களிடையே, அப்படி ஏற்றப்படாதவர்களைவிட இறப்பு அதிகமாக இருந்தது. செயற்கை சுவாச வசதி குறைந்த இடங்கள் அவை. நம் சிறிய மருத்துவமனைகளும் அப்படித்தான். ஆகவே நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று அறிய, ஒவ்வொரு பாட்டிலுக்குப் பின்னும் மூச்சை எண்ண வேண்டும், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க வேண்டும். சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்றாமல் எந்த மருந்தும் முழுப்பலன் தராது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மதினி பிழைத்துவிட்டார். வலது காலின் முன்பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைய தாமதத்தால்தான் பாதம் போயிற்று என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மஞ்சள் பற்றோடு கழித்த நாட்களுக்கும் அதில் பங்குண்டு. உசிலம்பட்டிப் பக்கம் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மருத்துவமனை முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, மணி இல்லை. எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதும் இல்லை.

எனவே மாவட்ட சுகாதாரத் துறையினரிடம் நான் கேட்பது, மேல்சிகிச்சைச் சீட்டை அடுத்த முறை அச்சடிக்கும்போது மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும் என்பதுதான்: நோயாளி வந்த மணி, எண்ணிய மூச்சு, முதல் ஆன்டிபயாடிக்கின் பெயரும் போட்ட மணியும். அதுவரை, உடன் வரும் உறவினர்கள் வண்டியில் ஏறுமுன் இவற்றை டாக்டரிடம் பணிவாகக் கேட்டு, சீட்டின் பின்பக்கத்திலாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநகர், மதுரை.