குறியீட்டெண்ணோடு மைக்ரோகிராமையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கிவிட்டால் ஏர் பியூரிஃபையர் விளம்பரம் அரைப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. தில்லியின் காற்றுத் தரக் குறியீடோ பக்க மூலையில் ஒற்றை எண்ணாக நிற்கிறது. இவை இரண்டை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறவர் தன் வீட்டுக்குப் பொருந்தாத மெஷினோடு திரும்பவே வாய்ப்பு அதிகம். ஃபில்டர்களோடு புழங்குகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

குறியீட்டெண் ஒன்றை மறைக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருந்தால் குறியீடு 100. துகள் 90 ஆனால் 200, 120 ஆனால் 300. அடுத்த படி 400-க்குப் போகும்போது துகள் 250 ஆகிவிடுகிறது. அதாவது 300-லிருந்து 400-க்கு ஏறும்போது நாம் சுவாசிக்கும் தூசு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. மேலும், குறியீடு என்பது 24 மணி நேரச் சராசரி. அன்றைக்கு எந்த மாசு மோசமோ அதன் எண்தான் வெளியே வரும். மே, ஜூனில் அது பெரும்பாலும் ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வரும் பெருந்தூசாகவோ ஓசோனாகவோ இருக்கும். ஓசோன் வாயுவை, பியூரிஃபையருக்குள் நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் பிடிக்காது. வெளிநாட்டுச் செயலிகள் அமெரிக்க அளவுகோலில் காட்டுவதால், நம் வாரியம் 100 என்று சொல்லும் அதே காற்றுக்கு அவை 150-க்கு மேல் காட்டும். இரண்டும் பொய்யல்ல, கோல்தான் வேறு.

எனவே குறியீட்டோடு பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்பதையும், தில்லி முழுவதற்கும் ஒன்றாக இல்லாமல் ஆர்.கே.புரம், பட்பர்கஞ்ச், லோதி ரோடு, துவாரகா, பூசா, ஆனந்த் விஹார் என அளவீட்டு நிலையம் வாரியாகவும் தாங்கள் அச்சிட வேண்டும். தமிழர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளுக்கு இவற்றில் ஒன்று பக்கத்தில் வந்துவிடும். பஸ் நிலையத்தை ஒட்டிய ஆனந்த் விஹாரின் எண்ணை வைத்து ஆர்.கே.புரத்துக்காரர் மெஷின் வாங்கினால் வீண் செலவு. லோதி ரோட்டின் எண்ணை வைத்துக் கிழக்கு தில்லிக்காரர் வாங்கினால் போதாது.

அறைக்கு வருவோம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் '400 சதுர அடி வரை' என்பதை விட்டுவிடுங்கள். உள்ளே சிறிய எழுத்தில் சிஏடிஆர் என்று, அதாவது மெஷின் சுத்தம் செய்து தரும் காற்றின் அளவை, மணிக்கு இத்தனை கனமீட்டர் எனப் போட்டிருப்பார்கள். நிமிடத்துக்குக் கனஅடியில் போட்டிருந்தால் 1.7-ஆல் பெருக்குங்கள். 12-க்கு 12 படுக்கையறை, உயரம் 10 அடி என்றால் 1,440 கனஅடி, ஏறக்குறைய 41 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று முழுவதும் சுத்தமாக வேண்டுமானால் சிஏடிஆர் 205. அதே உயரத்தில் 400 சதுர அடி ஹாலில் 300 சிஏடிஆர் மெஷினை வைத்தால் மூன்று முறைகூடச் சுற்றாது. கூரை உயரமான பழைய அரசுக் குடியிருப்புகளில் இன்னும் குறையும்.

வெளியிலிருந்து புகும் காற்றைக் கணக்கில் சேர்த்தால்தான் மெஷினின் உண்மை தெரியும். அறைக்குள் தங்கும் துகள் எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெளித் துகளை, மணிக்கு எத்தனை முறை வெளிக்காற்று புகுகிறது என்ற எண்ணால் பெருக்கி, அந்த எண்ணோடு மெஷின் சுத்தம் செய்யும் முறைகளைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். வெளியே 300 மைக்ரோகிராம், ஸ்லைடிங் ஜன்னல் இடுக்கு வழியாக மணிக்கு ஒரு முறை காற்று மாறுகிறது, மெஷின் ஐந்து முறை என்றால் உள்ளே 50. அதை 25-க்குக் கொண்டுவர மெஷின் பதினொரு முறை சுற்ற வேண்டும்; 450 சிஏடிஆர், விலையும் அதற்கேற்ப. ஆனால் புகும் காற்றைப் பாதியாகக் குறைத்தால் ஐந்தரை முறை போதும், 225 சிஏடிஆரில் வேலை முடிந்தது. இந்தப் பாதியைக் குறைக்கத் தேவை ஜன்னல் சட்டத்துக்கு ஃபோம் டேப், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, கோடையில் மாட்டிய கூலரின் திறப்புக்குத் தடித்த பிளாஸ்டிக் ஷீட், விண்டோ ஏசியில் வெளிக்காற்றுக் குமிழை மூடுவது. பத்தாயிரம் ரூபாய் மெஷினை வாங்கிவிட்டுச் சில நூறு ரூபாய் டேப்பை விட்டுவிடுகிறோம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக எல்லா இடுக்கிலிருந்தும் வெளிக்காற்று உள்ளே வரும். தாளிக்கும் நேரத்தில் அதை நிறுத்த முடியாது. படுக்கையறைக் கதவைச் சாத்திவையுங்கள். சாம்பிராணி போட்டாலும் அப்படித்தான்.

ஒரேயடியாக அடைத்துவிடவும் கூடாது. மூன்று நான்கு பேர் ஒரே அறையில் தூங்கினால் கரியமில வாயு ஏறி, விடியும்போது தலை கனக்கும். ஹாலிலும் ஒரு மெஷின் ஓடினால் உள்கதவைத் திறந்து வைக்கலாம். குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க ஏற்ற நேரம் பிற்பகல் 1 முதல் 4 மணி வரை. வெயில் ஏறித் தரையோடு படிந்த காற்று மேலெழுவதால் அப்போது துகள் குறைவு. 'காலை நல்ல காற்று' என்ற நம் ஊர்ப் பழக்கம் நவம்பர் தில்லிக்கு ஆகாது.

சிஏடிஆர் என்பது மெஷின் முழு வேகத்தில் தரும் அளவு. இரவில் சத்தம் தாங்காமல் தூக்க வேகத்துக்கு மாற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்கோ இன்னும் குறைவாகவோதான் கிடைக்கும். அதனால் கணக்கில் வந்ததைவிட ஒரு படி பெரியதை எடுத்து நடு வேகத்தில் ஓட்டுவது நல்லது. ஃபில்டரில் 'ஹெபா போன்றது', 'ஹெபா வகை' என்றிருந்தால் வேண்டாம். எச்13 என்ற தரக் குறி தெளிவாக இருக்க வேண்டும். அயனி வெளியிடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், சிலவற்றில் ஓசோன் வரும்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறுகளில் முதலாவது, உள்ளே ஃபில்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே ஓட்டுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், அடிக்கடி நடக்கிறது. அடுத்தது ஹெபாவைக் கழுவுவது. தண்ணீர் பட்டால் இழைகள் கெடும். வாக்குவம் கிளீனரும் இழையைக் கிழிக்கும். வெளிப்புற வலையை மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். ஃபில்டர் மாற்றச் சொல்லும் விளக்கு பல மெஷின்களில் ஓடிய மணியை மட்டுமே எண்ணும். ஆகஸ்ட் மழைக்கால மணியும் டிசம்பர் மணியும் அதற்கு ஒன்றே. புது ஃபில்டர் போட்டதும், அறையைச் சாத்தி முழு வேகத்தில் ஓட்டி, மெஷினின் துகள் சென்சார் காட்டும் எண் 200-லிருந்து 50-க்கு இறங்க எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். இரண்டு மடங்கு ஆனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மூடுபனி நாளில் சென்சார் கூடுதலாகக் காட்டும், அன்று சோதிக்காதீர்கள். மலிவான மாற்று ஃபில்டர் வாங்கினால் ஓரத்து ஃபோம் பட்டை நான்கு பக்கமும் இறுக உட்காருகிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் தூசு அதன் வழியாகவே போய்விடும்.

காஜிப்பூர் குப்பை மலை புகையும்போது மயூர் விஹாரில் வீசும் நாற்றத்துக்கு ஹெபா உதவாது. குருணையாக நிரப்பிய கரி ஃபில்டர் வேண்டும், எடையைக் கேட்டு வாங்குங்கள். வலையில் ஒட்டிய மெல்லிய கறுப்புத் துணி சில நாளில் தீர்ந்துவிடும். கார்பன் மோனாக்சைடை அந்தக் கரியும் பிடிக்காது, மெஷினின் துகள் சென்சாரும் காட்டாது. ஆகவே பியூரிஃபையர் பச்சை விளக்கு காட்டுகிறது என்ற தைரியத்தில் மூடிய அறைக்குள் குளிர்காயும் கரி அடுப்பான அங்கீட்டியை வைக்கவே கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விஹார், தில்லி – 110091