திரும்பி வந்த புத்தகங்களின் கணக்கு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்குத் திருச்சியில் இடம் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவி வேண்டாம், படிக்கப் பெரிய எழுத்துப் புத்தகமாகக் கொண்டுவா என்கிறார்.

சரி, உன்னிடம் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு மாணவர் நலக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "மனச்சோர்வு, தற்கொலை பற்றிய புத்தகங்களை எடுத்த பிள்ளைகளின் பட்டியல் கொடுங்கள் மேடம், கூப்பிட்டுப் பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள். இரண்டு பேரும் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அதனாலேயே உடனே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாக உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. 2009-ல் நான் வேறு கல்லூரியில் இருந்தேன். அப்போதுதான் அங்கே கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு மாணவியின் அப்பா அலுவலக ஊழியர் ஒருவரோடு கவுண்டருக்கு வந்து, பெண் என்னென்ன படிக்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்றார். அப்பாதானே கேட்கிறார் என்று அவள் எண்ணைத் தட்டி, ஒரு வருஷக் கணக்கை அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லாம் பாடப் புத்தகங்கள். நடுவில் ஒரே ஒரு வரி, வேறு மதத்தவரையும் மதம் மாறாமலே பதிவுத் திருமணம் செய்ய வழி தரும் சிறப்புத் திருமணச் சட்டம் பற்றிய புத்தகம். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து அங்கே நின்றது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த வாரமே டி.சி. வாங்கிவிட்டார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது செல்வி. அந்தத் தாளைக் கொடுத்தது நான்தான்.

அப்போது என்னை யாரும் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே எழுதி வைத்த விதி என்று எதுவும் இல்லை. நாம் நூலகவியல் படித்தபோது தொழில் நெறிமுறை என்பது ஐந்து மார்க் கேள்வி. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-ல் கொண்டுவந்த நெறிமுறையிலேயே, வாசகரைப் பற்றித் தெரிய வரும் அந்தரங்கத்தை வெளியே விடக் கூடாது என்று இருந்தது. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012-ல் வெளியிட்ட நெறிமுறையும் அதையே சொல்கிறது. அந்த அமெரிக்க நெறிமுறையை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியவள்தானே நான்?

அதைச் சொந்த வாழ்க்கையில் கடைப்பிடித்தவர்களும் இருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சில நூலகங்களுக்குப் பொதுவாகக் கம்ப்யூட்டர் வசதி செய்து தந்த ஓர் அமைப்பிடம், குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியது யார் என்று எஃப்.பி.ஐ. கடிதம் கொடுத்துக் கேட்டது. அதில் நீதிபதியின் கையெழுத்து இல்லை. கடிதம் வந்ததையே யாரிடமும் சொல்லக் கூடாது என்ற உத்தரவு வேறு. ஜார்ஜ் கிறிஸ்டியன், பார்பரா பெய்லி, பீட்டர் சேஸ், ஜேனட் நோசெக் என்ற நான்கு நூலகர்கள் பெயர் சொல்ல முடியாமலே வழக்குப் போட்டார்கள். தங்கள் வழக்கு விசாரணையையே வேறு ஊர் நீதிமன்றத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து திரையில்தான் பார்க்க முடிந்தது. 2006-ல் அரசு முதலில் அந்தத் தடையை விட்டது, பிறகு கேட்ட தகவலே வேண்டாம் என்றது. நான் ஓர் அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லத் துணியாததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் புத்தகம் கொடுத்து வாங்கிய பிரவுன் முறை ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தின் கார்டை எடுத்து, வாசகரின் பாக்கெட் டிக்கெட்டுக்குள் செருகி, தேதி வாரியாக மரத் தட்டில் அடுக்குவோம். புத்தகம் திரும்பி வந்ததும் கார்டு புத்தகத்துக்குள், டிக்கெட் வாசகர் கையில். அவ்வளவுதான். யார் எதைப் படித்தார் என்பதற்கு அப்புறம் ஒரு தடயமும் கிடையாது. யாராவது கேட்டாலும் நம்மிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டர் வந்த பிறகு எல்லாம் தங்குகிறது. எதை வைப்பது, எதை அழிப்பது என்று நாம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே ஓடும் கோஹா என்ற நூலக மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது. திரும்பி வந்த புத்தகத்தின் கணக்கிலிருந்து வாசகரின் பெயரை மட்டும் எடுத்துவிடலாம். புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்ற எண்ணிக்கை அப்படியே இருக்கும், கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வந்து கேட்டாலும் காட்டலாம். இத்தனை நாள் அதை நான் தொடவே இல்லை.

நம் நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவரது நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று இருக்கிறது இல்லையா? நடுவில் மூன்றாவது ஆள் நின்று எட்டிப் பார்த்தால் இந்த இரண்டுமே நடக்காது என்று இப்போது தோன்றுகிறது.

குழுவிடம் பட்டியல் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். பெயர் போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் அந்த அலமாரிப் பக்கம் வராது, உதவி தேவைப்படுகிறவன் முதலில் விலகிப் போவான் என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் கேட்டுக்கொண்டார்கள். அந்த அலமாரியிலும் ஒவ்வொரு புத்தகத்தின் தேதிச் சீட்டுக்குப் பக்கத்திலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் எங்கள் ஆலோசகர் அறையில் இருக்கும் நேரத்தையும் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். ஒரு பிள்ளை என் முன்னால் வந்து நின்று வாய்விட்டுச் சொன்னால் அது வேறு, அப்போது நானே கையைப் பிடித்து அழைத்துப் போவேன். புத்தகம் எடுத்ததை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க மாட்டேன்.

உங்கள் நூலகத்தில் பழைய கணக்கை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? அடுத்த நூலகக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் படிவத்தில் சேர்க்கச் சொல்லி இதை வைக்கப் போகிறேன்: "நீங்கள் எடுக்கும் புத்தகங்களின் விவரம் யாருக்கும் தரப்படாது. புத்தகம் திரும்பி வந்து பாக்கி எதுவும் இல்லையென்றால் அந்தக் கணக்கிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படும்." நீதிமன்ற உத்தரவு வந்தால் என்ன செய்வது என்பதையும் இதிலேயே எழுத வேண்டுமா, தனியாக வைக்கலாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிறேன். கூட்டம் 20-ம் தேதி. அதற்குள் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
வாசுகி