ரதி வேஷம் கட்டிய ராத்திரி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

போன கிழமை போனில், "காமன் கூத்துக்கு எதுக்கு வீட்டுக்கு வீடு வரி? அதைக் குழாய்த் தண்ணிக்குக் குடுக்கலாமே" என்றாய். குழாயும் வேண்டியதுதான். ஆனால் சிவன் எரித்த காமனுக்காக ரதி அழுது அவனை எழுப்புகிற கூத்தை வீண்செலவு என்று நீ சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. இதுவரை உன்னிடம் சொல்லாததை எழுதுகிறேன்.

1983 ஆடியில் பதுளை டவுன் எரிந்தபோது நம்ம தோட்டத்து லயத்துக்கும் கலவரக்காரர்கள் வந்தார்கள். இரண்டு ராத்திரி தேயிலைக்குள் ஒளிந்திருந்தோம். திரும்பி வந்தால் காம்பராவில் கரிந்த சுவர்தான் மிச்சம். "இனி இந்த மலையில இருக்கமாட்டேன்" என்று உன் அத்தை மாமாவோடு கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். 1977 கலவரத்தில் போன நம்ம ஆட்கள் அங்கே காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். பயமில்லாமல் இருக்கலாம் என்று போன இடம் அது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பிறகு அத்தை குடும்பத்தில் நாலு பேரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. யுத்தத்தில் தப்பிய சனங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டிக் கேட்டேன்.

கருமாதி என்ற பேச்சை எடுத்தாலே அப்பாயி எழுந்து போய்விடும். வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. அழுதால் அக்கா செத்ததாக ஆகிவிடுமே.

2010 மாசியில் ரதி வேஷம் எனக்கு வந்தது. மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றியதிலிருந்து விரதம். பௌர்ணமி ராத்திரி உங்க அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, எரிந்த காமனின் சாம்பல் பக்கத்தில் ஒப்பாரிக்கு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வைக்கோல் தீயில் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "மன்மதா" என்று எடுக்கவேண்டிய வாய் "அக்கா" என்றது. கூத்து வாத்தியார் என்னை நிறுத்தவில்லை. தப்புக்காரரைப் பார்த்துக் கையை மெல்லத் தாழ்த்தினார். அடி இறங்கியது. கூட்டத்துக்குள்ளிருந்து அப்பாயி மாரில் அடித்துக்கொண்டு வந்து, என் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. பின்னாலேயே கீழ் லயத்துப் பெண்கள், ஆளுக்கொரு பேரைச் சொல்லி. கடைக்காரச் சிங்கள அம்மாவும் வந்தார். 1989இல் அவர் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவருக்குத் தமிழ் அரைகுறைதான். அப்பாயி கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தார்.

மூன்றாம் நாள் காமனை எழுப்பும்போது, அவன் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று பாடுவோம், உனக்குத் தெரியும். அன்று ராத்திரி அப்பாயி தானாகத் தட்டைப் போட்டுச் சோறு சாப்பிட்டது. அக்கா சின்ன வயதில் தண்ணிப் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து, குடம் உடையாததற்குச் சிரித்த கதையைச் சொன்னது. ஒன்பது மாதத்தில் அன்றுதான் அக்கா பேர் அதன் வாயில் வந்தது.

வருகிற மாசியில் இரண்டு நாள் லீவு கேட்டுப் பார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. பொட்டலில் பனி கொட்டும், அவளுக்குக் கம்பளிச் சட்டை, குல்லா எல்லாம் எடுத்து வை. உன் பேரில் வரியை நான் கட்டிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா