விடுதலையான பிறகும் ஓயாத அலைச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைதான மறுநாள் ஊரும் வயதும் போட்டுச் செய்தி வருகிறது. அதே ஆள் பல வருடம் கழித்து நிரபராதி என்று விடுதலையாகும்போது நான்கு வரிகூட வருவதில்லை. பத்திரிகைக்கே இதை எழுதுவது சற்றுத் துணிச்சல்தான், பொறுத்தருளவும். நாம் எழுத வந்தது வன்னியில் வீட்டார் தவறவிடும் திகதிகளைப் பற்றியும், விடுதலையான ஆள் ஏறி இறங்க வேண்டிய படிகளைப் பற்றியும்.

முதல் திகதி ஒரு மாதம். காரணமின்றிப் பிடித்தார்கள், அடித்தார்கள் என்றால் அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட அவ்வளவுதான் அவகாசம். ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதிலேயே அது கழிந்துவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை அங்கே நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது (1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்தது பன்னிரண்டு மாதம். 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி தண்டனை பெறாத ஒருவரை அதற்கு மேல் மறியலில் வைக்க வேண்டுமென்றால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று மாதம், கூட்டிப் பார்த்தால் இன்னொரு பன்னிரண்டு மாதம். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குக்கு இது பொருந்தாது. அங்கே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தைத்தான் பிடிக்க வேண்டும்: கைதாகிப் பன்னிரண்டு மாதத்தில் வழக்கு விளக்கம் (விசாரணை) தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுக்கலாம். விண்ணப்பம் போடாமல் எதுவும் தானாக நடக்காது. ஆளைக் கொண்டுபோன நாளும் பதிவிலுள்ள கைது நாளும் வேறாக இருப்பதுண்டு. கொண்டுபோன அன்றே திகதி, நேரம், கண்டவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

வருடங்களை விழுங்குவது வாக்குமூலம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த ஒப்புதல் சாட்சியாகும். அது வற்புறுத்தி வாங்கியது என்று காட்டும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில். ஒப்புதல் தானாகக் கொடுத்ததுதானா என்று பார்க்க உண்மை விளம்பல் விசாரணை என்று தனியாக ஒன்று வைப்பார்கள். எழுதிய அதிகாரி தெற்குக்கு மாறிப் போயிருப்பார், மொழிபெயர்த்தவர் ஓய்வு பெற்றிருப்பார். அழைப்பாணை திரும்பி வரும், தவணை தள்ளிப் போகும். நடுவில் நீதிபதிக்கு இடமாற்றம் வந்தால், பதிந்த சாட்சியத்தை வைத்தே புதியவர் தொடர நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இடம் தருகிறது. இருந்தும் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டுத் தொடக்கத்திலிருந்து நடப்பதும் உண்டு. கடைசியில் அந்த ஒப்புதலை நீதிமன்றம் தள்ளிவிட்டால் பல வழக்கில் மிச்சம் எதுவும் இராது. ஒரு கடதாசிக்காகத்தான் அத்தனை வருடமும்.

ஆகவே காயம் இருந்தால் முதல் நாளே நீதவானிடமும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டும். பயத்தில் "ஒன்றுமில்லை" என்று சொன்னது பதிவில் ஏறினால் பிறகு அழிக்க முடியாது.

இதற்கிடையில் வீட்டில் இரண்டு மூன்று காலபோகம் விதைக்காமல் போய்விடும், அடைவு வைத்த நகை ஏலத்துக்குப் போகும்.

விடுதலைக்குப் பிறகு வருவதுதான் எவரும் சொல்லாதது. சான்றுப்பொருளாக எடுத்த மோட்டார் சைக்கிள் நீதிமன்ற வளவில் நிற்கும். சில்லு மண்ணில் புதைந்து, கம்பிகளுக்குள்ளால் கொடி ஏறி, இருக்கைப் பஞ்சை எலி தின்றிருக்கும். அதை எடுக்கத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி, விடுவிப்புக் கட்டளை இரண்டும் வேண்டும். காசுப் பிணையை மீளப் பெற மூலப் பற்றுச்சீட்டைக் கேட்பார்கள்; அது பெரும்பாலும் கறையான் அரித்திருக்கும், லமினேற் பண்ணி வைத்தவர்கள் புண்ணியவான்கள். எப்போதோ ஒரு தவணைக்குப் போகாததற்குப் பிறப்பித்த பிடியாணையை மீளப் பெற்ற கடிதம் பொலிஸுக்குப் போய்ச் சேராவிட்டால், அடுத்த சோதனைச் சாவடியில் திரும்பவும் பிடிபடுவார். பயணத் தடையும் அப்படித்தான்: நீக்கும் கட்டளை குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகாவிட்டால் விமான நிலையத்தில்தான் தெரிய வரும்.

நட்டஈட்டுக்கு, உள்ளே இருந்த நாளைக் கணக்கிட்டுக் கொடுக்கும் சட்டம் எதுவும் இங்கே இல்லை. தீய எண்ணத்தோடு வழக்குத் தொடர்ந்தார்கள் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடலாம். அதற்கும் இரண்டு வருடம்தான் தவணை, தீய எண்ணத்தை நிரூபிக்கவும் வேண்டும்.

நாம் கேட்பது பெரிய காரியமில்லை. விடுதலைத் தீர்ப்பு வாசித்த அன்றே பதிவாளர் பகுதியிலிருந்து மூன்று கடிதம் நேரடியாகப் போகட்டும்: பொலிஸ் நிலையத்துக்கு ஒன்று, குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒன்று, சான்றுப்பொருள் காப்பாளருக்கு ஒன்று. விடுதலையான ஆள் கையில் கொடுத்து அலைய விட வேண்டாம்.

இப்படிக்கு,
வழக்கு உதவிப் பணியாளர் சிலர்,
வவுனியா.