'கையால் செய்ததா' என்று கேட்டவர்களுக்கு

கைவினைச் சந்தை நடத்தும் குழுவினருக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் அப்பா வைத்திருந்த கொல்லுப்பட்டறையில் இப்போது நான் சமையல் கத்தியும் மீன் வெட்டும் கத்தியும் செய்கிறேன். போன மாதம் உங்கள் சந்தையில் கடை போடப் பணம் கட்டிவிட்டு, மாதிரிக்குப் பன்னிரண்டு கத்திகளை உங்கள் மேசையில் பரப்பினேன். உங்களில் ஒருவர் இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. "இது மெஷின் வேலை" என்று ஒதுக்கிவிட்டார்.

நான் மறைக்கவில்லை. கத்தியின் வெளிவடிவத்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினி ஓட்டும் லேசர் இயந்திரத்தில் வெட்டி வாங்குகிறேன் என்று அப்போதே சொன்னேன். உங்கள் விண்ணப்பத்தில் 'கையால் செய்ததா?' என்பதற்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். என் தொழில் அந்த இரண்டுக்குள்ளும் அடங்கவில்லை.

அப்பா காலத்தில் இரும்பு காயலான் கடையிலிருந்து வந்தது. துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளின் உடைந்த வில்லுப்பட்டைகளை எடை போட்டு வாங்கி வருவார். உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டி, அரத்தால் ராவி ஒரு கத்தி எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். எஃகு நல்ல எஃகுதான். ஆனால் வருடக்கணக்கில் பாரம் சுமந்து குலுங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். துவைச்சல் போடும்போது, அதாவது சிவக்கக் காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கி இறுக்கும்போது, எண்ணெய்க்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்பா ஒன்றும் பேசாமல் அதை மூலையில் எறிவார். ஐம்பது வயதுக்குள் அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போயிற்று. சட்டை மாட்டிவிட அம்மா வர வேண்டும். கைவேலையின் அழகைப் பற்றி உங்கள் அழைப்பிதழில் படித்தபோது எனக்கு அந்தச் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

நான் வாங்குவது புதுத் தகடு. 3 மி.மீ. கனம், கரிமம் ஏறக்குறைய 0.75 சதவீதம். படத்தைக் கணினியில் வரைந்து பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கத்தியை வெட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்காகச் சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை, பிடிக்கு ஆணி இறங்கும் துளையை அரை மி.மீ. சிறிதாக வரைந்துவிட்டேன். முப்பது கத்தியிலும் அதே தப்பு அச்சடித்ததுபோல் வந்து நின்றது. துளையைப் பெரிதாக்க டிரில் பிட்டை வைத்தால், லேசர் சுட்ட ஓரம் இறுகிப்போய் இறங்கவே இல்லை. நான்கு பிட் மழுங்கியது. சம்மட்டி பிடித்த காலத்தில் அப்பா ஒரு நாளும் முப்பது கத்தியைச் சேர்த்துக் கெடுத்ததில்லை.

அம்பத்தூரிலிருந்து வருவது கத்தியல்ல, கத்தி வடிவத் தகடு. வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக நறுக்காது. அதை உலையில் வைத்து, பட்டப்பகலிலும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிறம் பார்க்கிறேன். வெளிச்சத்தில் சிவப்பு ஏமாற்றும். பழைய ஸ்பீக்கரிலிருந்து அப்பா கழற்றிய காந்தம் இன்னும் ஒரு கம்பியில் தொங்குகிறது. 770 டிகிரியை ஒட்டி எஃகு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றி, எண்ணெயில் இறக்க வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் 200 டிகிரியில் வைத்தால்தான் விறைப்பு தணியும். இல்லாவிட்டால் கீழே விழுந்ததும் கண்ணாடிபோல் உடையும். அதன் பிறகு சாணை. கையுறை போடாமல்தான் பிடிப்பேன். விரலில் சூடு உறைத்ததும் வாளித் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் முனை நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

சாணையையும் கணினி இயந்திரம் பிடிக்கும். பெரிய தொழிற்சாலைகளில் அதுதான் நடக்கிறது. நான் கொடுக்காததற்குக் காரணம் கைமேல் உள்ள பக்தி இல்லை. துவைச்சலில் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு விதமாகக் கோணும். அதைப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். முப்பது கத்திக்காக இயந்திரத்தில் தனி ஏற்பாடு செய்யச் சொன்னால் கட்டுப்படியாகாது. ஆயிரம் கத்திக்கு ஆர்டர் வந்தால் என்ன செய்வேன் என்று இப்போதே சத்தியம் செய்யத் தயாராக இல்லை.

காசிமேட்டில் மீன் வெட்டும் ஓர் அக்கா என் பழைய வாடிக்கையாளர். உப்பும் ஐஸும் பட்டு, தீட்டித் தீட்டி, கத்தி இரண்டு வருடத்தில் பாதியாகிவிடும். புதியதைக் கையில் எடுத்து ஒரு வஞ்சிரத்தின் நடுமுள்ளில் இறக்கிப் பார்த்துவிட்டு, "போன கத்தி மாதிரியே இருக்கிறது தம்பி, கை பழக வேண்டியதில்லை" என்றார். அப்பாவிடம் அவர் எப்போதும் போட்ட சண்டையே 'இது அது மாதிரி இல்லையே' என்பதுதான். நீங்கள் குற்றமாக எடுத்துக்கொண்ட அந்த ஒரே அச்சை அவர் காசு கொடுத்து வாங்குகிறார்.

நீங்கள் அனுமதித்த கத்திக் கடைகளில் மின்சாரச் சாணை இல்லாத கடை ஒன்றுகூட இல்லை. மோட்டார் கை ஆகும், கணினி ஆகாது என்றால் கோடு எங்கே விழுகிறது? எண் கொடுத்து ஓட்டும் மில்லிங் இயந்திரம் ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகம் அதை 1952இலேயே ஓட்டிக் காட்டிவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன், கோபம் வேண்டாம். உங்கள் சந்தையில் ஒரு கடையில் இருந்தவை ஆலையில் செய்த கத்திகள். பிடியை மட்டும் மாற்றி, ஆறிய இரும்பில் குண்டுச் சுத்தியால் பள்ளம் பள்ளமாகத் தட்டியிருந்தார்கள். உலையில் அடித்த தடம் அப்படிப் பொட்டு வைத்ததுபோல் இருக்காது. பார்க்கக் கரடுமுரடாக இருந்ததால் உங்கள் கண்ணுக்கு அது கைவேலை ஆகிவிட்டது.

அந்த இரண்டு கட்டங்களை எடுத்துவிடுங்கள். வடிவம் வெட்டியது எப்படி, துவைச்சல் போட்டது யார், சாணை பிடித்தது யார், பிடி போட்டது யார் என்று கேளுங்கள். பதிலை அப்படியே கடை முன்னால் தொங்கவிடுங்கள். வாங்குபவர் படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும். என் பலகையில் முதல் வரியே 'இயந்திரத்தில் வெட்டியது' என்று இருக்கும். அதனால் சிலர் நகர்ந்து போவார்கள், போகட்டும்.

அடுத்த சந்தைக்கும் விண்ணப்பிக்கிறேன். பழைய படிவத்தையே அனுப்பினீர்களானால் இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டு, தாளின் பின்பக்கத்தில் எழுதியிருப்பேன். திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைக் கத்திப் பட்டறைக்காரன்