பிரஸ்ஸல்ஸில் எல்லாரும் ஒரே மனத்தினரா?

அன்புள்ள முத்துக்குமரன் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். பணி ஓய்வுக்குப் பிறகு மீண்டும் அரசியல் நூல்களுக்குத் திரும்பியிருக்கிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பாக பிரஸ்ஸல்ஸில் இயங்கும் ஐரோப்பிய ஆணையத்தில் போய் அமர்பவர் எவராயினும் நாளடைவில் ஒன்றுபட்ட ஐரோப்பாவின் பக்தராகிவிடுவார் என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

உங்கள் பக்கம் சான்று இல்லாமலில்லை. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் ஆணையராக அனுப்பிவைத்த காக்ஃபீல்ட் பிரபு, 1985இல் உறுப்பு நாடுகளுக்கிடையே தடைகளற்ற ஒற்றைச் சந்தைக்கான வெள்ளை அறிக்கையைத் தயாரித்ததோடு நில்லாமல், மறைமுக வரிகளையும் நாடுகளுக்கிடையே இசைவிக்க வேண்டுமென வாதிட்டு, மறுநியமனம் பெறாமலே திரும்பினார். (சந்தையை விரும்பியவர் தாட்சர்தான், அதற்கு என்னென்ன தேவை என்று கணக்குப் போட்டுக் காட்டியவரைத்தான் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.)

எனினும் 1965ஐ எண்ணிப் பாருங்கள். ஆணையத்தின் முதல் தலைவரான வால்டர் ஹால்ஸ்டைன், வேளாண் நிதி ஏற்பாட்டோடு இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கெனத் தனி வருவாயையும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரத்தையும் பிணைத்து முன்மொழிந்தபோது, ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் சிற்பிகளில் ஒருவரான மோனேயோடு பணியாற்றிப் பழகியவரும் ஆணையத்தின் துணைத் தலைவருமான ராபர்ட் மார்ஜோலின் அதை எதிர்த்தார். பிரெஞ்சு அதிபர் டி கோல் இதற்கு இணங்கமாட்டார் என்பது அவருடைய கணிப்பு. அவ்வாறே பிரான்ஸ் அந்த ஜூலை முதல் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றத்தின் கூட்டங்களைப் புறக்கணித்தது. 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் சமரசம் ஏற்படும் வரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. மார்ஜோலினை ஐரோப்பாவுக்கு எதிரி என்று யார் சொல்ல முடியும்? ஒருங்கிணைப்பு வேண்டும் என்பதில் அவருக்கும் ஹால்ஸ்டைனுக்கும் பிணக்கில்லை. அரசுகளின் தலைக்கு மேலே போவதா, அவற்றின் சம்மதத்தோடு போவதா என்பதில்தான் பிரிந்தார்கள்.

1990களில் ஆணையத்தின் உயர் அதிகாரிகளை நேர்கண்ட ஆய்வாளர் லீஸ்பெட் ஹூக், ஆணையத்தில் கழித்த ஆண்டுகளைவிட, அதற்கு முன் சொந்த நாட்டில் பெற்ற அனுபவமே அவர்களுடைய நோக்கை அதிகம் வடித்திருப்பதாகக் கண்டார். இது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற கூட்டாட்சிகளில் வளர்ந்தவருக்கு அதிகாரம் பல அடுக்குகளில் பங்கிடப்படுவது இயல்பாகத் தோன்றும். தலைநகரமே அனைத்தையும் முடிவுசெய்யும் நாட்டின் அரசுப் பணியிலிருந்து வந்தவருக்கு அதே ஏற்பாடு இழப்பாகத் தோன்றும்.

அப்படியானால், சோவியத் பிடியிலிருந்து இறையாண்மையை மீட்ட ஒரே தலைமுறைக்குள், 2004இல் அதில் ஒரு பகுதியை ஒன்றியத்தோடு பகிர்ந்துகொண்ட பால்டிக் நாடுகளிலிருந்து வந்த அதிகாரிகளை எந்த வரிசையில் வைப்பீர்கள்? உங்கள் அடுத்த கடிதத்தில் இதற்கு விடையெழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
சிவநேசன்