இடது கைக்கும் வேலை கொடுங்கள்
கணினியில் வரையும் மென்பொருள்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். ஆந்திர எல்லையில், நகரியிலிருந்து எழுதுகிறேன். சேலைக் கரைக்குக் கணினியில் டிசைன் போடுவது என் தொழில். டிசைனில் குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஒரு பாவு இழை, அதாவது நீளவாட்டு நூல்; நெடுக்கே ஒரு கட்டம் என்றால் ஓர் ஊடை, அதாவது குறுக்கு நூல். ஒரு கட்டம் பிசகினால் கரை முழுக்க அந்தப் பிசகு திரும்பத் திரும்ப வரும்.

முன்பெல்லாம் கிராஃப் தாளில் வரைவேன். மயிலின் கழுத்து வளையும் இடத்தில் இடது கை தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும், வலது கை பென்சிலை எடுக்காமல் கோட்டை முடிக்கும். இப்போது பெரிய தொடுதிரை வந்துவிட்டது. ஆனால் வலது கையில் பேனா திரையருகே இருக்கும்வரை என் இடது விரலை மென்பொருள் கண்டுகொள்வதே இல்லை. பேனாவைத் தூக்கு, படத்தை நகர்த்து, மறுபடி பேனாவை வை. ஒரு கழுத்துக்கு இருபது முப்பது தடவை! பேனாவை விட்டு இரண்டு கை விரல்களையும் வைத்தால், படத்தைப் பெரிதாக்கச் சொல்கிறேன் என்று அது முடிவு செய்துவிடுகிறது.

இரண்டு கைகளையும் சேர்த்து வேலை வாங்குவது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. 1968இலேயே எங்கல்பார்ட் என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர் வலது கையில் மவுஸும் இடது கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையுமாக வேலை செய்து காட்டினார். 1986இல் பக்ஸ்டன், மையர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கைக்குப் படத்தை நகர்த்தும் வேலையும் மறு கைக்கு அளவு மாற்றும் வேலையும் கொடுத்துப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலேயே மக்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். அடுத்த ஆண்டே கியார்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஒரு கை இடத்தை அமைத்துக் கொடுக்க மறு கை நுணுக்க வேலை செய்வதை விளக்கினார். எங்கள் தறியிலும் ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்க, மறு கை ஊடையை அடித்துச் சேர்க்கும் பலகையை இயக்குகிறது. தமிழ்99 விசைப்பலகையில்கூட உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில்.

சரி, நான் கேட்பது இதுதான். பேனா வரையும்போதே இடது விரல் தாளைத் திருப்பட்டும். நிறம், அழிப்பான், அடுக்கு எல்லாம் திரையின் கீழ் இடது மூலையில், விரலை வைத்திருக்கும்வரை மட்டும் இயங்கட்டும். திரையை மேசைமேல் நன்றாகச் சாய்த்து வைக்கிற தாங்கியும் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் திரையில் கையைத் தூக்கியே வைத்திருந்தால் அரை மணியில் தோள் கடுக்கிறது.

அப்புறம் ஒன்று. என் தங்கையும் இதே வேலைதான் செய்கிறாள், அவள் இடது கைக்காரி. நான் சொன்ன எல்லாவற்றையும் அவளுக்காக ஒரே தட்டலில் இடம் மாற்ற வழி வையுங்கள்.

அன்புடன்,
நகரியிலிருந்து ஒரு சேலை டிசைனர்